தலையில்லாத அம்மன்

அல்சூர்
3-10-1958

சிரஞ்சீவி சேஷகிரிக்கு அம்மா ஆசீர்வாதம்.

நீ விட்டுப்போன பெட்டியில் சட்டைக்கு அடியில் ஒரு சுடுமண் அம்மன் இருந்தாள். தலையில்லை, ஒரு கையுமில்லை. பின்னமான விக்ரகத்தை வீட்டில் வைக்கலாமா? அப்பாவுக்கோ நெஞ்சுவலி விட்டபாடில்லை. மஞ்சள் துணியில் சுற்றி, கற்பூரம் காட்டி, ஏரிப் படித்துறையில் தண்ணீரில் விட்டுவிட்டேன். இனி உனக்கும் குறை வராது.

அம்மா ஜானகி

விடுதி
6-10-1958

அம்மா,

அது பூஜை விக்ரகமில்லை. பல்கலைக்கழகச் சேகரிப்பில் உள்ள பழம்பொருள். மண்ணைத் தோண்டியபோதே அப்படித்தான் கிடைத்தது. என் ஆராய்ச்சியே அதைப்பற்றித்தான். வீட்டில் உட்கார்ந்து படம் வரைய, என் பேராசிரியர் ஹெர்பர்ட் சார் என்னை நம்பிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை சேகரிப்பு அலமாரியைச் சரிபார்க்கிறார்கள். இல்லையென்றால் ஆராய்ச்சியிலிருந்து என்னை நீக்கிவிடுவார்கள். கேட்காமல் என் பெட்டியை ஏன் திறந்தாய்?

சேஷகிரி

அல்சூர்
8-10-1958

சேஷகிரிக்கு,

அழுக்குச் சட்டையைத் தோய்க்கத் திறந்தேன். அதற்கும் கேட்க வேண்டுமென்று தெரியாது.

ஏரியில் மீன் பிடிக்கும் அப்பாதுரையை முங்கிப் பார்க்கச் சொன்னேன். “ஏரிக்குக் குடுத்தத திரும்பக் கேக்கறீங்க, அவ ஒத்துக்கணுமில்ல அம்மா?” என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சேறுதான் வந்தது. படிக்காத அம்மா செய்துவிட்டாள் என்று சாரிடம் சொல்லிவிடு.

அம்மா

விடுதி
11-10-1958

அம்மா,

ரயிலில் தொலைத்துவிட்டதாகச் சொன்னேன். உன்னை நாலுபேர் பேச விட மனமில்லை. ஆராய்ச்சி நின்றது. தீபாவளிக்கு வரவில்லை.

சேஷகிரி

அல்சூர்
20-10-1958

என் கண்ணான சேஷகிரிக்கு,

அம்மன் கிடைத்துவிட்டாள். அப்பாதுரை மறுபடி முங்கி எடுத்து வந்தான். கடைசிப் படிக்குக் கீழே சேற்றில் புதைந்திருந்தாளாம். மஞ்சள் துணி அவிழவில்லை. நான் கழுவவில்லை, பொட்டும் வைக்கவில்லை.

உனக்கு அனுப்பினால், அந்தப் பொய்யைக் காப்பாற்ற நீ இன்னொரு பொய் சொல்வாய். அதனால் வைக்கோல் வைத்துக் கட்டி, ஹெர்பர்ட் சாருக்கே நேராக அனுப்பிவிட்டேன். தண்ணீரில் விட்டது நான், உன் பொய் எனக்காகச் சொன்னது என்று தமிழிலேயே எழுதியிருக்கிறேன். உன்னைத் திரும்பச் சேர்ப்பாரோ மாட்டாரோ, அது அவர் மனசு. என்னைக் கேட்காமல் ஏன் எழுதினாய் என்று நீ கோபிப்பாய். கோபித்துக்கொள்.

தீபாவளிக்கு உன் இலையைப் போட்டுத்தான் வைப்பேன். பெட்டியை அதற்குப் பிறகு தொடவில்லை. மீதிச் சட்டைகள் அழுக்காகவே இருக்கின்றன.

அம்மா