வெடித்த மூடியும் என் கையெழுத்தும்

இன்று காலை குசினியில் தகரத்தில் அடைத்த ரின்மீன் ஒன்றைத் திறந்ததும், அந்த வாடையோடு நீரும் வந்துவிட்டீர், தோழி. மூடியைக் குப்பையில் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து விளிம்பைப் பார்த்தேன். இழுத்துக் கிழித்த தகரம் மெலிந்து மினுங்கியது. "சமைக்கப் போறீரோ, சோதிக்கப் போறீரோ?" என்றார் என் வீட்டுக்காரர். நீர் எங்களை விட்டுப் போய் இரண்டு வருடமாகியும் இந்தப் பழக்கம் என்னை விடவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

துறைமுகத்துக்குப் பக்கத்து ரின்மீன் தொழிற்சாலையில் நாம் இருவரும் தரம் பார்த்த காலத்தில், பண்டகசாலையில் இருந்த ரின்களின் மூடிகள் வெடித்து ஒழுகத் தொடங்கின. ரின்களை அவிக்கும் தொட்டியின் நீராவியை, அதில் வேலை பார்த்த தோப்பூர் நானா அவசரமாகத் திறந்துவிட்டதால்தான் மூடிகள் பிளந்தன என்று நான் அறிக்கை எழுதிவிட்டேன். எனக்கு எதிலும் அவசரம். மேலாளர் அவரை வேலையிலிருந்து நிறுத்தப் போனார். "பிழை என்ட எண்டா போறன். ஆனா நான் அவசரப்படல்ல" என்றார் நானா.

அதைக் கேட்ட பிறகுதான் நீர் மூடிகளைக் கேட்டீர். நானோ வாடை பொறுக்காமல் தேசிக்காய்ப் புளியும் சவர்க்காரமும் போட்டு அவற்றைப் பளிச்சென்று தேய்த்து வைத்திருந்தேன். தலையில் கை வைத்தீர். "ஐயோ, கழுவிப்போட்டீரே! சாட்சியை எல்லோ கழுவினனீர்!" ஒழுகிய வேறொரு ரின்னை எடுத்துவந்து, மூடியை வெட்டி, நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தீர். வெடிப்பின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்கப் போன என் கையில் ஒரு தட்டுத் தட்டினீர். "உரஞ்சினா எல்லாம் அழிஞ்சுபோம். சும்மா பாரும்."

பார்த்தேன். நீராவி தள்ளியிருந்தால் விளிம்பு இழுபட்டு மெலிந்திருக்கும். அப்படி இல்லை. வெளிப்பக்கத்திலிருந்து துரு இறங்கியிருந்தது. அது தின்றது போக மிஞ்சிய நூலளவு மட்டுமே புதிதாக வெடித்திருந்தது. ரின்கள் ஈரத்தோடு பெட்டிக்குள் போயிருக்கின்றன. லொறி நிற்கிறது, காயும் வரை பார்த்திருக்க ஏலாது என்று அடுக்கச் சொன்னது யார்? நான்தான்.

உமக்கும் அது தெரியும். பேனையை நீட்டினீர். "நீரே எழுதும்." அன்று உம்மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுதினேன். மேலாளரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நானாவின் வேலை தப்பியது. மறுநாள் அவர் எனக்கும் ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வெட்கமாக இருந்தது, குடித்தேன்.

இப்போது அந்த மேசையில் நான் தனியாக இருக்கிறேன். யாருடைய பிழை என்று எழுத வேண்டி வந்தால், முதலில் என் பெயரைப் போட்டுப் பார்க்கிறேன். பல நாள் அது பொருந்துவதில்லை. பொருந்துகிற நாளில் உம்மைத் திட்டிக்கொண்டே கையெழுத்து வைக்கிறேன்.