ஆயுசுக்கு மன்னிப்புக் கேட்டவருக்கு

இன்று காலை கஜானா ஆபீஸ் வராந்தாவில் எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் கைக்குட்டையிலிருந்து நீலகிரித் தைல வாசனை அடித்தது. நீங்கள்தான் நிற்கிறீர்கள் என்று ஒரு நிமிஷம் கையை நீட்டிவிட்டேன். அவர் திரும்பி, "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்லீங்க" என்றேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

நீங்கள் போன பிறகு எனக்குக் குடும்பப் பென்ஷன் வருகிறது. வருஷத்துக்கு ஒருமுறை நேரில் போய், உயிரோடு இருக்கிறேன் என்று முகத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வரிசையில்தான் நின்றேன். தைலம் மூக்கில் ஏற ஏற, நீங்கள் ரிடையர் ஆன அந்தக் கோடைதான் ஞாபகத்துக்கு வந்தது.

மகளுக்கு வரன் முடிந்திருந்தது. கையில் ஒன்றுமில்லை. பென்ஷனில் மூன்றில் ஒரு பங்கை ஆயுசுக்கும் அரசாங்கத்துக்கு விட்டுக்கொடுத்தால் மொத்தமாக ஒரு தொகை தருவார்கள் என்று ஆபீஸில் சொன்னதாக வந்து சொன்னீர்கள். ஆனால் சும்மா தரமாட்டார்கள். அரசாங்க டாக்டர் பார்த்து, இந்த ஆள் இன்னும் எத்தனை வருஷம் தாங்குவார் என்று எழுத வேண்டும். வியாதி இருந்தால் வயதைக் கூட்டிப் போட்டுத் தொகையைக் குறைத்துவிடுவார்கள். உங்களுக்கோ இளைப்பு!

தைல பாட்டிலைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியவள் நான்தான். "வாசனை வந்தா டாக்டருக்குத் தெரிஞ்சிடும், ஒரு மாசம் பல்லைக் கடிச்சிக்கிட்டு இருங்க" என்றேன். நீங்களும் சொன்னபடி கேட்டீர்கள். சிந்தாமணியிலிருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டி அம்மா மண்டபம் வரைக்கும் தினமும் விடிகாலையில் நடந்துவிட்டு வந்தீர்கள். பாலத்தில் பாதி தூரத்தில் மூச்சு வாங்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஆற்றை வேடிக்கை பார்ப்பது போல நிற்பீர்களாம், தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும் என்று. பரீட்சைக்குப் படிக்கிற பையன் தோற்றான் உங்களிடம்.

டாக்டர் மாடிப்படி ஏறி இறங்கச் சொன்னாராம். ஏறினீர்கள், இறங்கினீர்கள், இருமவில்லை. "நல்ல கட்டை சார், இருபது வருஷத்துக்குக் குறையாது" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கால் கிலோ அல்வாவும் மல்லிகைப்பூவும் வாங்கிக்கொண்டு வந்து, "நான் பாஸு!" என்று வாசலிலேயே கத்தினீர்கள். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. நாம் செய்த காரியத்தின் அர்த்தம் அப்போது நமக்கு உறைக்கவே இல்லை. நீங்கள் எவ்வளவு நாள் இருக்கிறீர்களோ அவ்வளவுக்கு அவர்களுக்கு லாபம். உங்கள் ஆயுசை நாமே அலங்காரம் பண்ணிக் கொண்டுபோய் விற்றுவிட்டு வந்திருக்கிறோம்.

வருஷங்கள் ஓடின. அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எல்லாம் எகிறிவிட்டது. வாங்கிய தொகை எப்போதோ கழிந்துபோயிருக்கும், அந்த மூன்றில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுங்கள் என்று மனு எழுதி எடுத்துக்கொண்டு போனீர்கள். நானும் கூட வந்தேன். அந்த அதிகாரி மனுவைப் படிக்கக்கூட இல்லை. "சார், சீக்கிரம் போய்ச் சேர்ந்த காலத்துல போட்ட திட்டம் இது. இப்ப எல்லாரும் எண்பது வரைக்கும் இருக்கீங்க. வருஷா வருஷம் கூட்டம் கூடிக்கிட்டே போவுது. இப்படியே போனா சின்னப் பசங்களுக்கு வேலை போட்டுக் குடுக்க கவர்மெண்ட்டுக்கு ஏது பணம்?" என்றார்.

நீங்கள் எழுந்து நின்று கும்பிட்டு, "மன்னிச்சுக்கணும் சார்" என்றீர்கள்.

அவர் சொன்னது முழுப் பொய் என்று நானும் சொல்லமாட்டேன். எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவிட்டு வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்த நம் சின்னவனும் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் அதையே கேட்டான்: "உங்களுக்கே குடுத்துட்டிருந்தா எங்களுக்கு எப்பப்பா?" அதற்கப்புறம் தில்லை நகர் டாக்டரிடம் போவதை நிறுத்தினீர்கள். கேட்டால், "எதுக்கு இன்னும் இழுத்துக்கிட்டு?" என்பீர்கள். அந்த ஐப்பசி மழையில் இளைப்பு முற்றியது. கார்த்திகையைப் பார்க்காமலே போய்விட்டீர்கள்.

இன்றைக்கு அங்கே வேறொரு அதிகாரி, சின்ன வயசு. பேச்சு மட்டும் அதே பேச்சு. வரிசையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "ஒவ்வொரு வருஷமும் கூட்டம் ஜாஸ்தியாவுதேம்மா, யாரும் குறையவே மாட்டேங்கிறீங்களே, கஜானா தாங்குமா?" என்றான். தமாஷாம்!

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "தம்பி, எங்க வீட்டுக்காரரோட பென்ஷன்ல ஒரு பங்கை நீங்க வாங்கறப்ப அவரு எத்தனை வருஷம் இருப்பாருன்னு டாக்டரை வச்சுப் பார்த்து, அட்டவணை போட்டுத்தானே விலை பேசினீங்க? அன்னைக்கு அவரு ஆயுசு உங்களுக்குத் தெரிஞ்சுதே. வாங்கறப்ப தெரிஞ்ச ஆயுசு குடுக்கறப்ப மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு? வயசாளிங்க கூடுவாங்கன்னு முப்பது வருஷம் முன்னாடியே ஒதுக்கி வைக்க வேண்டியது யாரு வேலை? எங்க வேலையா? சாவறதா எங்க வேலை?" என்றேன். தைலக்காரப் பெரியவர், "நல்லாக் கேளும்மா" என்றார். அந்தப் பையன் முகம் சிவந்து, "கையெழுத்துப் போடுங்கம்மா" என்று நோட்டைத் தள்ளினான். போட்டேன். "அடுத்த வருஷமும் வருவேன். அதுக்கடுத்த வருஷமும் வருவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

பஸ்ஸில் வந்து உட்கார்ந்தேன். அவனைக் கேட்டுவிட்டேன், மனசு ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. கோபம் அவன் மேல் இல்லை போலிருக்கிறது. முப்பத்திரண்டு வருஷம் ஒருநாள் தாமதமாகக்கூட ஆபீஸ் போகாத மனுஷர் நீங்கள். உயிரோடு இருந்ததற்கு எதற்குங்க மன்னிப்புக் கேட்டீர்கள்? நான் பக்கத்திலேயே நின்றேனே, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?