கிணற்றைத் தொடாத வேலி

எத்தாளை
2012 ஒக்டோபர் 9

அன்பு மகள் றுஷ்னாவுக்கு,

உன் உம்மம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உனக்கும் உன் அறைப் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் கதைத்தால் பக்கத்து வளவு ஜபாருக்குக் கேட்கும். அவனுடைய வேலி இப்போது அவ்வளவு கிட்ட வந்துவிட்டது.

வெங்காயம் நட்டாயிற்று. உன் உம்மாவுக்கு இருமல் குறைவு.

தொண்ணூறில் நம் சனத்தை மன்னாரிலிருந்து விரட்டி, தோணி ஏறும்போது, பாரம் கூடிப்போச்சு ராத்தா என்று என் தையல் மெசினைக் கரையில் இறக்கிவிட்டு, தன் பெண்சாதியின் பெட்டி இரண்டை ஏற்றினவன் இந்த ஜபார். நான் மறக்கவில்லை. சண்டை முடிந்து சனம் மன்னாருக்குத் திரும்பத் தொடங்கியதிலிருந்து, நானும் ஊருக்குப் போய்விடுவேன், இந்த வளவு தனக்கு வரும் என்று காத்திருக்கிறான்.

நமது கிணற்றுக்கும் அவன் வேலிக்கும் நடுவே பதினாறு அடி இருந்தது. முந்தின வருஷம் வேலியின் ஓலைக் கிடுகு மாற்றுகிற சாட்டில் கதியால் கம்புகளைப் பிடுங்கி எட்டடியில் நட்டான். நான் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காயர்மாரிடம் போய் அவனைக் கூப்பிடுவித்தேன். உன் வேலி என் கிணற்றைத் தொடாது என்று மரைக்காயர்மார் முன்னால் சத்தியம் பண்ணு என்றேன். அப்படிக் கேட்டது என் வாய்தான். உடனே பண்ணினான். அவ்வளவு சுறுக்காகப் பண்ணியபோதே நான் யோசித்திருக்க வேண்டும். போன வருஷம் நாலடி. இந்த வருஷம் இரண்டடி. வாளி இழுக்கக் குனிந்தால் கிடுகு முதுகில் முட்டுகிறது. கேட்டால், தொட்டிச்சா ராத்தா, சத்தியத்தை மீறுற ஆளா நான் என்று சிரிக்கிறான். மரைக்காயர்மாரும், ஓம், அவர் மீறவில்லைதானே என்கிறார்கள்.

நோன்பு லீவில் அந்தக் கிணற்றடியில் இருந்துதான் உன் கணக்குப் பாடத்தைச் சொன்னாய். பாதி, பாதியில் பாதி என்று போகிற தூரம் ஒருநாளும் முடியாது, ஆனாலும் அது போய்ச் சேருகிற இடம் ஒன்று உண்டு என்றாய். ஜபாரின் வேலி சேருகிற இடம் என் கிணறு. அதுதான் அவன் சத்தியம்.

நீ சொன்ன கணக்குப் பெரிய மனிதர்களில் அந்தப் பிரெஞ்சுக்காரர் கோஷியை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு ஏழைப் பிள்ளை எழுதிக் கொடுத்த தாளை ஒதுக்கி வைத்தாராம், பிள்ளை நெஞ்சு நோயில் மௌத்தாகும் வரைக்கும் அதற்குப் பதில் இல்லையாம். ஜேர்மன்காரர் வயர்ஸ்ட்ராஸை நம்பலாம், பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். கிட்ட வருது என்று சும்மா சொல்லாதே, எவ்வளவு இடைவெளி என்று முதலில் சொல், பிறகு காட்டுகிறேன் என்றவர் அவர்தானே? நான் இடைவெளியைச் சொல்லாமல் சத்தியம் வாங்கிவிட்டேன்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதே. மூன்றாம் வகுப்புத் தாண்டாத ஜபாருக்கு இந்தப் பாதிக் கணக்கை யார் சொல்லிக் கொடுத்தது? அவன் மகன் அஸ்மினும் நீயும் கம்பஸுக்குப் படிக்கப் போன வருஷம்தான் கதியால் முதலில் நகர்ந்தது. ஒரே வகுப்பு என்று நீ எனக்குச் சொன்னதே இல்லை. நீ இங்கே விட்டுப்போன கொப்பியில் இரண்டு பேரின் கையெழுத்து இருக்கிறது. எனக்குப் படிப்புக் குறைவு, கண் குறைவில்லை.

வருகிற 19ஆந் தேதி வெள்ளிக்கிழமை, ஜும்மாவுக்குப் பிறகு, மரைக்காயர்மார் கிணற்றடிக்கே வருகிறார்கள். வேலி கிணற்றுக்குப் பதினாறு அடிக்குள் வராது என்று இந்தமுறை சத்தியம் கேட்கப்போகிறேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே களவெடுக்கலாம் என்று கிழவி சொன்னால் சிரிப்பார்கள். நீ சொன்னால் கேட்பார்கள். வியாழன் பஸ்ஸில் வந்துவிடு.

அஸ்மின் வந்தாலும் வரட்டும். வேலிக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்று பார்த்துக்கொள்கிறேன். நீ எந்தப் பக்கம் நிற்பாய் என்று நான் கேட்கவில்லை மகள். உனக்கும் சேர்த்து ஒரு வாளி தண்ணீர் இழுத்து வைப்பேன்.

அல்லாஹ் உன்னைப் பத்திரமாக வீட்டு வாசலில் சேர்க்கட்டும். கிட்டவரைக்கும் வந்து நின்றுவிடாதே.

துஆவுடன்,
உன் உம்மம்மா
றஹ்மத் உம்மா