பன்னிரண்டு கதவுகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், கோபம்தான் இன்னும் அடங்கவில்லை.

பாடசாலை உளவியலாளர் பயிற்சி வகுப்பில் நேற்று விரிவுரையாளர் ஒரு படம் காட்டினார். "உன் வீட்டை வரை" என்றதற்கு, நோர்வூட் பக்கத்துச் சிறுமி ஒருத்தி ஒரே கூரையின் கீழே பன்னிரண்டு கதவுகள் வரைந்திருந்தாள். அதன் மேல் விரிவுரையாளர் "மனக்குழப்பம்" என்று எழுதியிருந்தார். வகுப்பே சிரித்தது.

"அது தேயிலைத் தோட்டத்து லயம் சேர்! ஒரு கதவுக்கு ஒரு குடும்பம்! குழப்பம் அவளுக்கில்ல, ஒங்களுக்குத்தான்!" என்று கத்திவிட்டேன்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கொப்பியை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். இங்கே எல்லோரிடமும் நான் நுவரெலியா டவுன் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன், அம்மா.

பயப்படாதீர்கள், படிப்புக்கு ஒன்றும் ஆகாது. நம் லயத்தை முழுதாகத் தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஐந்தாவதான நம் கதவில் நீங்கள் நில்லுங்கள். திங்கட்கிழமை அதைக் காட்டித்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவசரத்துடன்,
உங்கள் சுதர்ஷினி