போணிக்கு ஒரு தபால்காரர்

அண்ணாச்சி,

நேற்று தி. நகரில் ஒரு டிபன் கேரியர் வாங்கினேன், கல்யாணப் பரிசுக்கு. பேர் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது புது எவர்சில்வரின் வாசனை வந்தது; பாலிஷ் மாவும் எண்ணெயும் கலந்த வாசனை. உங்கள் கடை மாடியறை முழுக்க அதுதான் இருக்கும். பேர் வெட்டுகிறவருக்கு ஐம்பது வயது இருக்கும். எதிரே செல்போனைச் சாய்த்து வைத்திருந்தார். அதில் ஒருவன் சதுரங்கப் பலகை முன் உட்கார்ந்து, ஆட்டத் திறனுக்குத் தரும் எண்ணான ரேட்டிங்கை முப்பதே நாளில் இருநூறு ஏற்றித் தருவதாகக் கத்திக்கொண்டிருந்தான்.

"ஆயிரத்து இருநூறுலயே நின்னுக்கினு கீது சார்," என்றார் அவர், எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எவ்ளோ ஆடினாலும் ஏற மாட்டேங்குது. இந்தாளு சொல்றத கேட்டா ஏறுமா?"

ஏறாது என்றேன். அந்த வீடியோக்காரனைப் பற்றி இன்னும் நாலு வார்த்தை சொன்னேன், அவை எழுதத் தக்கவை அல்ல. வீடு திரும்பும் வழியெல்லாம் உங்களோடுதான் பேசிக்கொண்டு வந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. பாத்திரக்கடையில் பில் போட வாங்கிய கம்ப்யூட்டரை மாடிக்குக் கொண்டுபோய், மகன் அமெரிக்கா போனதும் அதற்கு ஒரு மோடம் மாட்டினீர்கள். டெலிபோன் லைனில் கீச்சிட்டுக் கரகரத்து இணைப்புப் பிடிக்கும். கறுப்புத் திரையில் கோடும் எழுத்துமாக ஒரு சதுரங்கப் பலகை தெரியும். அதைப் பார்த்து ஆட நமக்கு வராது என்பதால் பக்கத்தில் மரப் பலகையை வைத்துக் காய்களை நகர்த்துவோம். சனிக்கிழமை மதியம், கடையில் கூட்டம் குறைகிற நேரம். பள்ளியில் அரை நாள் பாடம் எடுத்துவிட்டு மந்தைவெளியிலிருந்து பஸ் பிடித்து வந்துவிடுவேன். நாற்காலியில் நீங்கள். பின்னால் நின்று யோசனை சொல்ல நான்.

உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். பத்து வயதிலேயே உங்களை ஜெயிக்கத் தொடங்கிய மகன், விமானம் ஏறுகிற அன்று, "உங்க ஆட்டம் அவ்வளவுதாம்ப்பா, விடுங்க" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தான். அடுத்த தீபாவளிக்கு அவன் வருவதற்குள் ஆயிரத்து எழுநூறைத் தொட்டுவிட்டு அவன் எதிரே உட்கார வேண்டும். ரேட்டிங்கோ ஒரு வருஷமாக ஆயிரத்து அறுநூறுக்கு இந்தப் பக்கமே கிடந்தது.

ஏன் கிடந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. சதுரங்கத்தையும் நீங்கள் கடையாகத்தான் நடத்தினீர்கள். காலையில் முதல் வியாபாரம் போணி. முதல் ஆள் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போனால் மதியம் வரை உங்கள் முகத்தைப் பார்க்க முடியாது. அந்த வழக்கத்தை அப்படியே மாடிக்கும் கொண்டுவந்தீர்கள்.

"முதல் ஆட்டம் போணி வே, வாத்தியாரே. அதுல தோத்தா அன்னிக்குப் பூரா ஒண்ணும் விளங்காது."

போணிக்கென்று ஓர் ஆளையும் பிடித்து வைத்திருந்தீர்கள். டென்மார்க்கில் ஒரு தபால்காரர். ரேட்டிங் ஆயிரத்து முந்நூறு. நமக்கு மதியம் என்றால் அவருக்குக் காலை. நாம் கூப்பிட்டால் உடனே வருவார், ஒழுங்காகத் தோற்பார். பலம் குறைந்தவரை ஜெயிப்பதால் அதில் உங்களுக்குக் கிடைத்தது இரண்டே புள்ளி. அடுத்து அவரைப் போலவே இன்னும் இரண்டு அப்பாவிகள். பலமான ஆள் யாராவது ஆட அழைத்தால், கீழே கடையில் ஆள் நிற்பது சரியாக அப்போதுதான் உங்களுக்கு நினைவு வரும். என்றைக்காவது அப்பாவிகளில் ஒருவரிடம் சறுக்கினால் பதினைந்து புள்ளி போய்விடும். மறுபடி இரண்டு இரண்டாகப் பொறுக்குவீர்கள்.

என் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். தெரிந்த கூட்டல் கணக்கையே தினமும் இருபது போட்டுக்கொண்டு வந்து சிவப்பு மையில் 'சரி' வாங்கிக்கொள்வாள். பின்னக் கணக்கு என்றால் வயிற்றுவலி வந்துவிடும். அவளுக்கு வயது ஒன்பது. உங்களுக்கு ஐம்பத்து மூன்று.

ஒவ்வொரு முறை தோற்றதும் அந்தத் தபால்காரர், "நன்றி. எந்த இடத்தில் தவறினேன்?" என்று ஆங்கிலத்தில் தட்டுவார்.

"தோத்துட்டு நன்றி சொல்லுதான் பாரும், கிறுக்குப்பய," என்று நீங்கள் சிரிப்பீர்கள். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாத தொழில் என்னுடையது. இந்த நகர்த்தலில் குதிரையை விட்டீர், அந்த இடத்தில் ராஜாவை மறந்தீர் என்று நான் சொல்லச் சொல்ல, அலுத்துக்கொண்டே நீங்கள் தட்டி அனுப்புவீர்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கையில் ஒரு சனிக்கிழமை. அவரைக் கூப்பிட்டீர்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் ஆயிரத்து அறுநூற்று நான்கு. நமக்கு ஆயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. நாம் அவர் முகத்தை மட்டுமல்ல, அவர் எண்ணைக்கூட மாதக்கணக்கில் ஏறிட்டுப் பார்த்திருக்கவில்லை.

"என்னவே இது, மெசின் தப்பாக் காட்டுதா?"

மெஷின் சரியாகத்தான் காட்டியது. முப்பத்தொரு நகர்த்தலில் தோற்றீர்கள். நன்றி சொல்லிவிட்டு, இந்த முறை எதுவும் கேட்காமல் போனார். நீங்கள் மோடத்தின் சுவிட்சை அணைத்தீர்கள்.

"நாள் சரியில்ல. கடையப் பாக்கேன்."

"நீங்க ஒரு வருஷமா ஆடவே இல்ல அண்ணாச்சி," என்றேன். "கல்லாவுல உக்காந்திருந்தீங்க. உங்க பையன் சொன்னதுல என்ன தப்பு?"

நீங்கள் படியிறங்கிப் போய், ஒரு குடத்தைத் துடைத்து அடுக்கினீர்கள். ஏற்கெனவே துடைத்த குடம்தான். நான் பஸ் ஏறினேன். அந்த வாக்கியத்தை நினைத்து எனக்குப் பெருமையாகவே இருந்தது.

அதற்குப் பிறகு நீங்கள் என்னைக் கூப்பிடவில்லை. தீபாவளியன்று பலகாரத்தோடு உங்கள் வீட்டுக்கு வந்தேன். மகன் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவரச் செய்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆயிரத்து நானூத்து எழுபதா? அறுநூறுன்னு எழுதினீங்களேப்பா."

"கொறஞ்சிருக்கு," என்றீர்கள். அவ்வளவுதான். லைன் சரியில்லை, கடையில் வேலை, வயசாகிவிட்டது என்று எதையும் சேர்க்கவில்லை. ஒரு மாதமாகத் தினமும் முதல் ஆட்டத்தைப் பலமான ஆளோடு ஆடித் தோற்றிருக்கிறீர்கள். போணி கெட்டால் கெடட்டும் என்று அடுத்ததையும் ஆடியிருக்கிறீர்கள். எந்த இடத்தில் தவறினேன் என்று டென்மார்க்குக்கே கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் அவர் பதில்களைக் குறித்து வைத்திருந்தீர்கள்.

அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்தீர்கள். முதல் பத்து நகர்த்தல் வரை அவன் என்னோடு பேசிக்கொண்டே ஆடினான். இருபதுக்கு மேல் பேச்சு நின்றது. காபி ஆறியது. இரண்டு மணி நேரம் கழித்து நீங்கள் தோற்றீர்கள். அவன் காய்களைப் பெட்டியில் போடாமல் மறுபடி அடுக்கத் தொடங்கினான்.

"இன்னொண்ணு ஆடலாமாப்பா?"

அதற்கு முன் அவன் உங்களிடம் இரண்டாவது ஆட்டம் கேட்டதே இல்லை.

பொங்கலுக்குப் பிறகு ஆயிரத்து அறுநூற்று ஐம்பதைக் காட்டக் கூப்பிட்டீர்கள். "அன்னிக்கு நான் சொன்னது உறைச்சிருக்கு," என்றேன், பாடம் எடுத்துப் பழகிய வாயால். நீங்கள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தீர்கள். கோபமே இல்லாமல், விலை விசாரிக்கிற குரலில் கேட்டீர்கள்.

"வாத்தியாரே, உம்ம ரேட்டிங் என்னவே?"

எனக்கெதற்கு என்று சிரித்து மழுப்பினேன். ஒரு வருஷமும் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றேன். என் பெயரில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. போணிக்கு ஆள் தேடுகிற கோழைத்தனமாவது ஆடத் துணிந்த ஒருவருடையது. நான் தோல்விக்கே இடமில்லாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, தோற்கிறவர்களை எல்லாம் எடைபோட்டுக்கொண்டிருந்தேன். நேற்றுகூட அந்தப் பேர் வெட்டுகிறவரிடம் எவ்வளவு உரிமையோடு பேசினேன் பாருங்கள்.

நீங்கள் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம்தான் இணையச் சதுரங்கத்தில் என் பெயரில் ஒரு கணக்குத் திறந்தேன். நீங்கள் கேட்டதற்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது.

ஆயிரத்து நூற்று எழுபத்தாறு, அண்ணாச்சி. மூன்று மாதமாக அங்கேயே நிற்கிறது.