நான் செத்துப்போன படம்

ஹோர்சன்ஸ்,
12 அக்டோபர் 1979

அன்பு மகள் சித்செலுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நான் நலம் என்பதை மட்டும் இரண்டு முறை படித்துக்கொள், ஊரில் வேறு மாதிரிப் பேச்சு அடிபடுகிறது. கனடாவில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஜெர்மன்காரன் ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் நானும் ஓலுஃப் ராவ்னும் நடத்திய ரகசியப் பத்திரிகையைப் படமாக எடுத்துவிட்டார்கள், போன சனிக்கிழமை நம் ஊர்க் கொட்டகையில் முதல் காட்சி. நல்லதை முதலில் சொல்கிறேன், நாங்கள் பிரதி எடுத்த சைக்ளோஸ்டைல் இயந்திரத்தின் சத்தம் அச்சு அசல், நடிகனின் நகத்தில் மைகூடச் சரியாக இருந்தது. ஆனால் இரண்டு குளிர்காலம் முழுக்க எங்களுக்கு ஜலதோஷம், படத்தில் ஒருத்தன்கூட மூக்குச் சிந்தவில்லை. அதைவிட மோசம், கடைசியில் நான் செத்துப்போகிறேன். பத்திரிகைக் கட்டோடு சைக்கிளில் பாலத்தைக் கடக்கும்போது சுட்டுவிடுகிறார்கள். அது ஓலுஃப் செத்த விதம். படத்தில் ஓலுஃப் என்று ஒருவனே இல்லை! இயக்குநரைப் பிடித்துக் கேட்டேன். "ரெண்டு பேர் இருந்தா ஜனங்க குழம்பிடுவாங்க ஐயா. உங்க பேரு நல்லா இருந்துச்சு, அவரு சாவு நல்லா இருந்துச்சு, சேத்துட்டோம்" என்றான்.

படம் முடிந்ததும் ஊருக்குப் புதிதாக வந்த நகரத் தலைவர் மேடையேறி, மறைந்த வில்லாட்ஸ் தோரூப்புக்கு, அதாவது எனக்கு, ஒரு நிமிட மௌன அஞ்சலி என்றார். எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன், உட்கார்ந்திருந்தால் மரியாதையாக இருக்காதே. உன் அம்மா என் கையையே பிடித்துக்கொண்டு எனக்காகத் தேம்பித் தேம்பி அழுதாள். ஓலுஃபின் அக்கா ராக்னா மட்டும் எழவில்லை. வாசலில் என்னைப் பார்த்து, "எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இருந்தானான்னே சந்தேகமா இருக்குடா" என்றாள். மாட்டிக்கொள்வோம் என்று அந்தப் பத்திரிகையில் யார் பெயரையும் போட்டதில்லை, அவன் சாவுச் செய்தியில்கூட "தோழர் ஒருவர்" என்றுதான் எழுதினேன். விடுதலைக்குப் பிறகாவது எழுதியிருக்கலாம், நாளை நாளை என்று முப்பத்துநாலு வருஷம் ஓட்டிவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை நம் ஊர்ப் பத்திரிகையும் நான் செத்ததாகவே விமரிசனம் எழுதியிருந்தது. மறுநாளே போய்த் திருத்தம் போடச் சொன்னேன். நான் அங்கே வேலை பார்த்தபோது இருபது வருஷம் என் எதிர்மேஜையில் உட்கார்ந்த பிரெபன், "நீங்க உயிரோட இருக்கீங்கங்கறதுக்கு இன்னொரு ஆள் சொல்லணுமே" என்றான். எதையும் இரண்டு பேரிடம் கேட்டுத்தான் போட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். அம்மாவைக் கூட்டிப் போனேன். "இருக்காருப்பா, காலையில மூணு முட்டை தின்னாரு" என்று சாட்சி சொன்னாள்.

நேற்று வந்துவிட்டது, பழைய டிராக்டர் விளம்பரத்துக்குக் கீழே: "பாலத்தில் இறந்தவர் வில்லாட்ஸ் தோரூப் அல்ல. ஓலுஃப் ராவ்ன், வயது இருபத்தொன்பது." ராக்னா பதினொரு பிரதி வாங்கினாளாம். சாயங்காலம் தொலைபேசியில் அழைத்து, "வயசு தப்புடா, அவனுக்கு முப்பது ஆயிடுச்சு. இன்னொரு திருத்தம் போடச் சொல்லு, இன்னொரு தடவை பேரு வரட்டும்" என்றாள். நாளைக் காலை பிரெபனிடம் போகிறேன்.

பத்திரிகை நறுக்கை இதோடு வைத்திருக்கிறேன், தொலைத்துவிடாதே. நீ எந்தக் குறையும் இல்லாமல் நெடுநாள் நன்றாக இரு மகளே. அம்மாவுக்குத் தனியாக நாலு வரி எழுது.

இன்னமும் உயிரோடிருக்கும் உன் அப்பா,
வில்லாட்ஸ்