இலையின் இடது பாதி

நாகல்நகர், திண்டுக்கல்
14 ஜூலை 2024, ஞாயிறு

அன்பு மகள் வினோலியாவுக்கு,

எனக்குக் கண் போய்விட்டது என்று உன் மாமா வீட்டில் ஒரு பேச்சு. புத்தி போய்விட்டது என்று நம் தெருவில் ஒரு பேச்சு. இரண்டும் தவறு. டாக்டர் சோதித்துவிட்டு, இரு கண்களும் என் வயதுக்கு மிக நன்றாக இருக்கின்றன என்று எழுதியே கொடுத்திருக்கிறார். ஜனவரியில் அந்த மோட்டார் சைக்கிள் இடித்துத் தள்ளியபோது அடிபட்டது மூளையின் வலது பக்கம். கண் பார்ப்பதில் இடது பாதியை மூளை வாங்கிக்கொள்ள மறுக்கிறது. அவ்வளவுதான். தோஹாவில் உன்னிடம் யார் கேட்டாலும் இப்படியே சொல்.

நீயும் பேரப்பிள்ளைகளும் நலம் என்று நம்புகிறேன். மருமகனுக்கு முதுகுவலி தேவலையா? இங்கே மழை இல்லை. முருங்கை மட்டும் யாரையும் கேட்காமல் காய்த்துத் தள்ளுகிறது.

மே மாதம் பெலிக்ஸ் மாமாவின் பேரன் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் நடந்ததை நீ பிறர் வாயால் கேட்டிருக்கிறாய். என் வாயாலும் கேள். பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் பிரியாணி மட்டும் தெரிந்தது. கேசரி, சுக்கா, தயிர்ப்பச்சடி எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாவற்றையும் சாப்பிடுகிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. நாற்பது பேர் முன்னால், "ஒத்தைப் பொம்பளைக்கு வெறுஞ்சோறு போதும்னு வச்சிட்டியா ஜோஸ்பின்?" என்று கேட்டுவிட்டேன். உன் அத்தை திகைத்துப் போய், "மதினி, இலையில அம்புட்டும் இருக்கே, கண்ணு தெரியலையா?" என்றாள். யாரோ சிரித்தார்கள். நான் எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டேன். எல்லாம் இலையின் இடது பாதியில் இருந்திருக்கிறது. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது என்பதே அன்று எனக்குத் தெரியாது. இல்லாததைப் போய் யாராவது தேடுவார்களா?

அதற்குப் பிறகுதான் மதுரை ஆஸ்பத்திரியில் கௌசல்யாவிடம் பயிற்சிக்குப் போகத் தொடங்கினேன். இருபத்தாறு வயதுப் பெண். முதல் நாள் ஒரு தாளைக் கொடுத்து, அதில் உள்ள 'க' எழுத்தையெல்லாம் வட்டமிடச் சொன்னாள். இரண்டே நிமிடத்தில் முடித்துக் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன். அவள் தாளை மெல்ல வலது பக்கமாக நகர்த்தினாள். ஒரு வட்டம்கூட இல்லாத பாதித் தாள் அங்கே இருந்தது. கன்னியர் பள்ளியில் படித்த பதினோரு வருடமும் நான் அப்படி ஒரு தாளைக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதை இப்போதுதான் எழுதுகிறேன், இனி சொல்லமாட்டேன்.

போனது திரும்பாது, ஆனால் தேடிப் பிடிக்கப் பழகலாம் என்கிறாள் கௌசல்யா. பழகிக்கொண்டிருக்கிறேன். தாளின் இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டு, அந்தச் சிவப்பு தெரியும்வரை கண்ணைக் கொண்டுபோய், அங்கிருந்து வரியைத் தொடங்கவேண்டும். இந்தக் கடிதத்தின் ஓரத்தில் நீ பார்ப்பது அதுதான். தெருவில் இறங்குமுன் தாடை இடது தோளைத் தொடும்வரை தலையைத் திருப்பவேண்டும். அடுப்பில் வலது பக்கத்து பர்னர் மட்டும். இடது முழங்கையில் நிலைக்கதவு இடித்த காயம் இரண்டு இருக்கிறது. மறைக்கவில்லை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் மெயின் ரோட்டைக் கடப்பதில்லை. எனக்கும் பயம் உண்டு, வினோலியா. பயத்துக்காக வீட்டைப் பூட்டுவதில்லை.

போன வியாழக்கிழமை வத்தலக்குண்டில் மாமா வீட்டுக்குப் போனேன். தனியாக. முதலில் கோபம் ஆறட்டும், பிறகு மேலே படி.

பஸ் ஸ்டாண்டில் இடது பக்கம் இருந்த வாழைப்பழக் கூடையை இடித்துவிட்டேன். சிறுமலைக்காரி ஒருத்தி, "ஏத்தா, கண்ணு முன்னாலதான இருக்கு?" என்றாள். "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு, இடப்பக்கந்தான் லீவு போட்டிருக்கு" என்றேன். அவளுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துக்கொண்டே கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட வந்தாள். "நானே ஏறிக்கிறேன்" என்று ஏறிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது உன் அத்தை. வாசலிலேயே மன்னிப்புக் கேட்டேன். எனக்கு அது எவ்வளவு கசப்பு என்று உனக்குத் தெரியும். பிறகு, "பசிக்குது, இலை போடு" என்றேன். மாமா நல்லவன், அவசரக்காரன். "அக்கா, இலையத் திருப்பிப் போடுவோம், எல்லாம் ஒனக்கு வலப்பக்கம் வந்துரும்ல" என்றான். நுனி இடது பக்கம் இருப்பதுதான் இலை. அது திரும்பவேண்டாம், என் கழுத்து திரும்பும் என்று சொன்னேன்.

திரும்பியது. ஊறுகாயைக் கண்டுபிடித்தேன், கத்தரிக்காய் வெஞ்சனம், அவியல் எல்லாம் கண்டுபிடித்தேன். ஒரு பருப்பு வடையை மட்டும் விட்டுவிட்டேன் போல. ஜோஸ்பின் ஒற்றை விரலால் அதை என் பக்கமாக நகர்த்தினாள். விரலைப் பார்த்துவிட்டேன். வடையை எடுத்துப் பழைய இடத்திலேயே வைத்தேன். தலையைத் திருப்பி, அதைப் பார்த்து, பிறகுதான் தின்றேன். "ஏ மதினி, ஒங்க வீம்பு மட்டும் ஒரு பக்கமும் கொறையலையே" என்றாள் அவள். மாமாவுக்குப் புரையேறிவிட்டது. மூன்று பேரும் சிரித்தோம். வெகு நாளாயிற்று அந்த வீட்டில் சிரித்து.

அன்று மாமாதான் விஷயத்தைச் சொன்னான். கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்கு அறை சொல்லி வைத்திருக்கிறாயாம். ஆகஸ்டில் வந்து இந்த வீட்டைப் பூட்டிவிட்டு என்னைக் கொண்டுபோய் விடுவாயாம். தொலைவில் இருந்துகொண்டு நீ படும் கவலை எனக்குத் தெரியாமல் இல்லை. போன் அடித்து நான் எடுக்கத் தாமதமானால் உன் நெஞ்சு என்ன பாடுபடும் என்றும் தெரியும். ஆனால் இந்த வீட்டின் ஒவ்வொரு நிலையும் படியும் என் தோளுக்கும் காலுக்கும் தெரியும். புதிய இடத்தில் நான் பாதி அறைக்குத்தான் குடிபோவேன். மீதிப் பாதியை யார் எனக்குக் காட்டுவார்கள்? உன் அப்பா போன பிறகு ஒன்பது வருடம் யாரையும் கேட்டு நான் வாழவில்லை. இப்போதும் கேட்கவில்லை, அறிவிக்கிறேன்.

செப்டம்பரில் கௌசல்யா முழுச் சோதனை செய்கிறாள். தனியாக இருப்பது ஆபத்து என்று அவள் எழுத்தில் கொடுத்தால், உட்கார்ந்து பேசுவோம். நான் வார்த்தை தவறுகிறவள் அல்ல. அதுவரை வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கும். ஆகஸ்டில் நீ வா, பிள்ளைகளோடு வா, நான் சமைத்துப் போடுகிறேன். பெட்டி கட்ட வராதே.

நீ சுமப்பதையெல்லாம் ஆண்டவர் இலகுவாக்கட்டும். உன் பிள்ளைகள் உன்னிடம் என்றும் உரத்துப் பேசாமல் இருக்கட்டும்.

பதில் போனில் வேண்டாம். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன். அறை வேண்டாம் என்று அந்த இல்லத்தில் சொல்லிவிட்டதாக ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, தபாலில் அனுப்பு.

உன் அம்மா,
அன்னாள் சூசை